முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

கரண்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஜூன் மாதப் புழுக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஃபிளாட் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஹாலிலிருந்து பால்கனிக்குப் போகும் கதவைக் கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே சாத்திவிடுவது வழக்கம். அன்றைக்கு அத்தையால் முடியவில்லை. "ஏம்மா, மூச்சு முட்டுது, கொஞ்சம் திறந்து வையேன்" என்றார். கதவைத் திறந்து, கொசுவலையையும் ஒதுக்கிவிட்டு, மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். ஆறாவது படிக்கும் மகள் தரையில் பாயை விரித்துப் படுத்திருந்தாள். என் கணவருக்கு அன்று நைட் ஷிஃப்ட்.

ஈரத் துணியை யாரோ ஒரு தடவை உதறினாற்போல என் காதோரம் ஒரு சத்தம் கேட்டது. அத்தைதான் புடவைத் தலைப்பை உதறுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கேட்டபோது சத்தம் கூரைப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

டியூப்லைட் இரண்டு முறை கண்சிமிட்டி எரிந்தது. ஹாலின் நான்கு மூலையையும் தொட்டுத் தொட்டு ஒரு வௌவால் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், ஐந்தாம் நம்பரில் வைத்து அப்படியே விட்டிருந்த ஃபேன் மெல்ல நகர ஆரம்பித்தது.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். வீட்டுக்குள் வௌவால் வந்தால் கதவைத் தேடாதீர்கள், துடைப்பத்தைத் தேடாதீர்கள், முதலில் ஃபேனை நிறுத்துங்கள். சென்னை வீடுகளில் வௌவாலுக்கு எமன் சீலிங் ஃபேன்தான். அறைக்குள் மாட்டிக்கொண்ட வௌவால் கூரையை ஒட்டித்தான் சுற்றும், ஃபேன் இறக்கை சுழலும் அதே உயரத்தில். எங்கள் சுவிட்ச் போர்டில் வரிசையாக ஆறு சுவிட்ச். பதினோரு வருடமாக இருட்டிலும் தடவிப் போட்ட போர்டுதான். அன்றைக்குக் கை நடுங்கியதில் முதலில் பால்கனி விளக்கு அணைந்தது, அப்புறம் ஒரு ப்ளக், அப்புறம் இன்னொரு விளக்கு. நாலாவதுதான் ஃபேன். அதற்குள் அது முழு வேகம் எடுத்துவிட்டது.

சுவிட்சை அணைத்தவுடன் ஃபேன் நிற்பதில்லை. அது ஓய்ந்து நிற்கும் வரை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் வௌவால் இறக்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை இறக்கைக்கும் கூரைக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்தது. எனக்கு வாயில் சொல் வரவில்லை.

ஃபேனில் வௌவால் அடிபடும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

1998ல் நாங்கள் பெரம்பூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பின்னால் கொய்யா மரம். ஒரு ராத்திரி இதே போல ஒரு வௌவால் உள்ளே வந்தது. எல்லோரும் கத்தினோம், அம்மா கட்டிலுக்கு அடியில் போய்விட்டார், அண்ணன் துடைப்பத்தை வீசினான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் உறைக்கவே இல்லை. 'டப்' என்று ஒரு சத்தம். காய்ந்த ஓலையை முறித்தது மாதிரி. சுவரில் மோதித் தரையில் விழுந்தது. இடது இறக்கையின் எலும்பு தோலுக்கு மேல் தெரிந்தது. அப்பா இளகின மனசுக்காரர். வெறுங்கையால் அதைத் தூக்கினார். அது அவர் ஆள்காட்டி விரலைக் கடித்தது. அப்பா கையை விடவில்லை. ஒரு செருப்பு டப்பாவில் பழைய பனியனை விரித்து வைத்தார். என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, ஒரு மூடியில் பால் சோறு பிசைந்து வைத்தோம். அது தொடவே இல்லை. காலையில் செத்துக் கிடந்தது. அப்பா கொய்யா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். விரலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் இப்போது அந்த மஞ்சள் பற்றை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. நம் நாட்டில் வெறிநோய் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் வருகிறது என்றாலும் வௌவால் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. அமெரிக்காவில் வெறிநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வௌவாலிடமிருந்துதான் வந்திருக்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோய்க்கு மருந்து இல்லை. அறிகுறி தெரிய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். வௌவாலின் பற்கள் ஊசி மாதிரி இருப்பதால் கடித்த இடம் கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போய் வௌவால் என்று சொல்லிவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். சின்னக் குழந்தையோ, அசந்து தூங்கிக்கொண்டிருந்தவரோ இருந்த அறையில் வௌவாலைப் பார்த்தால், கடித்ததா இல்லையா என்று தெரியாவிட்டாலும் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

மேற்கு மாம்பலத்துக்கு வருகிறேன்.

ஃபேன் நின்றது. எனக்குப் போன மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை கையில் ஒட்டடைக்குச்சி. "விளக்கு வெச்ச வீட்டுக்குள்ள வௌவால் வரக்கூடாதும்மா. குடும்பத்துக்கு ஆகாது. விரட்டிடலாம்" என்றார். அதற்குள் எங்கள் கூச்சலைக் கேட்டு எதிர் ஃபிளாட்டுக்காரர் கொசு பேட்டோடு வாசலில் நின்றார். "நகருங்க சிஸ்டர், ஒரே போடு. தலைமுடியில மாட்டிக்கிச்சுன்னா எடுக்கவே முடியாது." மகள் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

வௌவால் தலைமுடியில் வந்து விழுவதில்லை. அறைக்குள் திரும்ப இடமில்லாமல் வளையும்போது அது நடுவில் கொஞ்சம் தாழும். நாம் நடுவில் நின்றால் முகத்துக்கு நேரே பாய்வது மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். அதனால் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டால் பயமும் பாதி குறையும், அதற்கும் வழி கிடைக்கும். இதை நான் அப்போது இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. "அண்ணா, அடிக்காதீங்க, ப்ளீஸ். அத்தை, குச்சியைக் கீழ வைங்க, எல்லாரும் சுவத்தோரமா உக்காருங்க" என்று கத்தத்தான் செய்தேன். என் குரலில் என்ன இருந்ததோ, எதிர் வீட்டு அண்ணா பேட்டைத் தாழ்த்திவிட்டார்.

படுக்கையறைக் கதவையும் சமையலறைக் கதவையும் சாத்தினேன். இல்லாவிட்டால் ஒரு அறையை விட்டு இன்னொரு அறைக்குப் போய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். திரைச்சீலையைக் கம்பியின் ஓரத்துக்குத் தள்ளி, பால்கனிக் கதவு முழுதும் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். விளக்கை அணைக்கப் போனபோதுதான் அது சோர்ந்து போய்த் திரைச்சீலையில் வந்து ஒட்டிக்கொண்டது.

நான் அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரம்பூரில் பார்த்ததைப் பார்த்ததாக நான் கணக்கில் வைப்பதில்லை. மூன்றடி தள்ளி நின்றேன். தலைகீழாகத் தொங்கியபடி அது என்னைப் பார்த்தது. நாய்க்குட்டி முகம். பெரிய, பழுப்பு நிறக் கண்கள். காது மடலைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு, யாரோ மெல்லிய பிரஷ்ஷால் வரைந்த மாதிரி. மடித்த இறக்கையில் விரல் எலும்புகள் கறுப்புச் சவ்வுக்கு நடுவே வெளிறித் தெரிந்தன. குடைக்கம்பி என்று சொல்வார்கள், எனக்கு அது கை மாதிரித்தான் இருந்தது. உண்மையிலேயே அது கைதான், நான்கு விரலும் நீண்டு சவ்வால் இணைந்த கை. கட்டைவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் ஒரு நகத்தோடு, திரைச்சீலை நூலைப் பிடித்திருந்தது. உடம்பு முழுவதும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாக்கை வெளியே நீட்டி மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டது. பழுத்த வாழைப்பழத் தோல் வாசனை வந்தது.

அது குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவால். சென்னையில் வீட்டைச் சுற்றி நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். எடை 40, 50 கிராம் இருக்கும், ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவு. பாதாம், கொய்யா, சப்போட்டா, நாவல், நெட்டிலிங்கப் பழம் இவைதான் சாப்பாடு. பழத்தை மரத்தில் இருந்தபடி சாப்பிடாமல் கவ்விக்கொண்டு வந்து வேறொரு மூலையில் தொங்கியபடி தின்னும், சாறை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். நம் போர்டிகோவிலும் படிக்கட்டு மூலையிலும் சக்கையும் கொட்டையும் கிடப்பது அதனால்தான். இதைவிடச் சின்னதாக, கட்டைவிரல் நீளத்தில் ஒன்று சன்ஷேடு விரிசலிலிருந்து அந்தி நேரத்தில் வெளியே வருமே, அது பூச்சி தின்பது. காதுக்கு எட்டாத குரல் எழுப்பி எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிப்பது அந்த வகைதான். நம் பழந்தின்னிக்கு அந்த வித்தை இல்லை. கண்ணும் மூக்கும்தான் அதற்கு வழிகாட்டி. வௌவாலுக்குக் கண் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தந்தது தப்பு. இரவுக்குப் பழகிய அந்தக் கண்ணைப் பிரகாசமான டியூப்லைட் கூசவைக்கும். நாம் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு 'போ, போ' என்று விரட்டினால் அதற்கு வாசல் தெரியாது.

விளக்கை அணைத்தேன். எதிர் வீட்டு அண்ணா, அத்தை, மகள், நான், நாலு பேரும் சுவரில் சாய்ந்து இருட்டில் உட்கார்ந்தோம். தெருவிளக்கு வெளிச்சம் பால்கனி வழியாக ஒரு நீளக் கட்டமாகத் தரையில் விழுந்தது.

அப்போதுதான் வாட்ச்மேன் தாத்தா மாடியேறி வந்தார். சத்தம் கேட்டு வந்தவர் இருட்டைப் பார்த்துத் தயங்கினார். விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவரும் உட்கார்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெதுவான குரலில் அத்தையிடம் சொன்னார்: "வௌவால் வந்தா கெட்டதுன்னு யாரும்மா சொன்னா? எங்க ஊர்ல ஐயனார் கோயில் இலுப்பை மரம் பூரா இதுங்கதான், இதைவிடப் பெருசு. தீபாவளிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்த மாட்டோம். அதுங்க போயிட்டா ஊருக்கு மழை இல்லைன்னு எங்க பாட்டி சொல்லும்."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

வௌவாலுக்காக வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேல் உண்டு. அந்த இலுப்பை மரத்துக்கும் வௌவாலுக்கும் உள்ள உறவைத் தாத்தா சொன்னதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். இலுப்பைப்பூ ராத்திரியில்தான் தயாராகும். அதன் இனிப்பான இதழைத் தின்ன வரும் வௌவால்தான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது, பழத்தைத் தின்று கொட்டையையும் தள்ளிக் கொண்டுபோய்ப் போடுகிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொன்னோம், இலுப்பை எண்ணெயில் கோயில் விளக்கு ஏற்றினோம். அந்த விளக்கு எரிந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. விளக்கு வைத்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று எந்த வாயால் சொல்வது?

இதே நாட்டில் சட்டமே இதை எலியோடும் காக்காயோடும் சேர்த்துத் தீங்குயிர் என்று எழுதி வைத்திருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் பழந்தின்னி வௌவால் இருந்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லி அதைச் சுட்டுத் தின்றவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கறி ஆஸ்துமாவைத் தீர்க்காது. 2022ல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் அந்த அட்டவணையே போனது, 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே 1972ல் இன்னொன்றும் நடந்தது. மேகமலையில் 1948ல் பிடித்த ஒரு வௌவாலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள், என் திரைச்சீலையில் தொங்கிய இதே குட்டை மூக்கு வகைதான் என்று நினைத்து. 24 வருடம் கழித்துக் கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து விஞ்ஞானி அதை எடுத்துப் பார்த்து, இது உலகம் அறியாத வேறு இனம் என்று கண்டுபிடித்தார். பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார்கள். கிட்டத்தில் பார்க்காமல் எல்லாம் ஒன்றுதான் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம் என்பது எனக்கு அந்தக் கதையைப் படித்தபோது உறுத்தியது.

இருட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. இருபது நிமிடம் இருக்கலாம். மகள் போர்வையிலிருந்து முகத்தை வெளியே எடுத்திருந்தாள். "அம்மா, அதுக்கும் நம்மைப் பாத்து பயமா இருக்குமா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் பேசல" என்றாள்.

அது போனதை யாரும் பார்க்கவில்லை. சத்தமும் இல்லை. மொபைல் டார்ச்சைத் தரைப் பக்கமாகக் காட்டி மெல்ல உயர்த்தினேன், திரைச்சீலை வெறுமனே தொங்கியது. பரண், ஷோகேஸ் பின்புறம், சாமி படத்துக்கு மேல் எல்லாம் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தினோம். எதிர் வீட்டு அண்ணா போகும்போது கொசு பேட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "நல்லவேளை, சொன்னீங்க" என்றார்.

போகாமல் அங்கேயே தொங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லா வௌவாலும் தானாகப் போய்விடாது. வெறுங்கையால் தொடவே கூடாது. தடிமனான தோல் கையுறை போட்டுக்கொண்டு, சுவரில் இருந்தால் ஒரு அட்டைப்பெட்டியை அதன் மேல் மெதுவாகக் கவிழ்த்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கெட்டி அட்டையைச் செருக வேண்டும். தரையில் கிடந்தால் தடித்த துண்டைப் போட்டு மூடி, துண்டோடு அப்படியே பெட்டிக்குள். வெளியே கொண்டுபோய்த் தரையில் விடக்கூடாது. தரையிலிருந்து எழும்பிப் பறப்பது பல வௌவால்களுக்குக் கஷ்டம், உயரத்திலிருந்து விழுந்துதான் அது காற்றைப் பிடிக்கும். மரக்கிளையிலோ மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலோ பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பகலில் கிடைத்தால் பெட்டியிலேயே இருட்டான இடத்தில் வைத்திருந்து அந்தி சாய்ந்ததும் விடலாம். காயம் பட்டிருந்தால் நாமே வைத்தியம் பார்க்க வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம். உள்ளே தொங்கிக்கொள்ள ஒரு துணியை விட்டு, பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, வனத்துறைக்கோ கிண்டியில் உள்ள புளூ கிராஸ் விலங்கு நல அமைப்புக்கோ சொல்லிவிடலாம். சவ்வில் சின்னக் கிழிசல் இருந்தால் அது தானாகவே ஆறிவிடும். பெரம்பூரில் அன்றைக்கு இதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பால்கனி மூலையில் பாதாம் பழம் ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் சுரண்டியெடுத்த மாதிரி பல் தடம். அணில் கடித்த பழம் இனிக்கும் என்று சின்ன வயதில் நாங்கள் பொறுக்கித் தின்றவர்கள், மகள் கையை நீட்டியதும் தடுத்தேன். 2018ல் கோழிக்கோட்டுப் பக்கம் 17 பேரைப் பலிகொண்ட நிபா வைரஸின் இயற்கை இருப்பிடம் பெரிய பழந்தின்னி வௌவால்கள். அதற்காக மரத்தையோ வௌவாலையோ வெட்டிச் சாய்க்க வேண்டியதில்லை, கடித்த பழத்தைத் தின்னாமல் இருந்தால் போதும். எச்சம் கிடந்த இடத்தைக் காய்ந்தபடி பெருக்காமல், மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துடைத்தேன்.

அடுத்த மாத அசோசியேஷன் மீட்டிங்கில் பாதாம் மரத்தை வெட்டும் பேச்சு வந்தது. சுவரெல்லாம் கறை, கார் மேல் எச்சம் என்பது புகார். புகார் பொய்யில்லை, எங்கள் வெளிச்சுவரும் கோடு கோடாகத்தான் இருக்கிறது. ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயல் ஒரே நாளில் இந்த ஊரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவள் நான். எங்கள் தெருவில் அன்று தப்பித்தவை மூன்று, அதில் இது ஒன்று. மூன்று பேர் வெட்டச் சொன்னார்கள். நான் பேச எழுந்தேன், எனக்கு முன்னால் எதிர் வீட்டு அண்ணா எழுந்துவிட்டார். பார்க்கிங் பக்கம் நீண்ட கிளையை மட்டும் கழிப்பது என்று முடிந்தது.

மீட்டிங் முடிந்து வந்த அன்று மகள் தன் பொட்டு அட்டையிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஹால் சுவிட்ச் போர்டில் நாலாவது சுவிட்சில் ஒட்டினாள். இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்பட்டது. போன பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தபோது அது உரிந்து விழுந்துவிட்டது. பெயின்டர் கிளம்பிய அன்று சாயங்காலம், யாரும் சொல்லாமலே, அத்தை தன் நெற்றிப் பொட்டை எடுத்து அங்கே ஒட்டிவிட்டு, இன்னொன்றைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.